ஊரும் சேரியும் நீடித்த வளர்ச்சியும்

(களப்பணியாளர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட இரண்டு நாள் முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ‘நீடித்த வளர்ச்சியில் உள்ளூர் முயற்சிகள்’. ஒரு சின்ன இடத்தில் சனங்கள் தாங்களாகச் செய்கிற வேலை எப்போது பெரிய மாற்றமாக ஆகிறது, அதற்கு எது துணை நிற்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பேசுவோம். ஆனா முதல்ல அந்த ‘உள்ளூர்’ என்ற சொல்லைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கு.

நம்ம சனங்க, ‘ஊருக்குள்ள போயிட்டு வர்றேன்’னு சொல்றாங்க. அப்படின்னா அவங்க இருக்கிற இடம் ஊர் இல்லேன்னுதானே அர்த்தம்? ஊர் வேறு, சேரி வேறு. ஊர்க்கூட்டம், ஊர்ப்பொது, ஊர்க்கட்டுப்பாடு, ஊர்த்திருவிழா. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் போய்ப் பாருங்கள், நாம் இருக்க மாட்டோம். ஆகவே ‘உள்ளூர் முயற்சி’ என்று ஒருவர் வந்து சொன்னால் நாம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, எந்த ஊர், யாருடைய முயற்சி என்பதுதான்.

அடுத்தது ‘நீடித்த வளர்ச்சி’. ஐ.நா. அமைத்த பிரண்ட்லேண்ட் ஆணையம் 1987இல் இந்தச் சொல்லை உலகம் பூராவும் கொண்டுபோனது. இன்றைய தேவையை நிறைவேற்றிக்கொள்ள வேண்டும், வருகிற தலைமுறையின் வயிற்றில் அடிக்கவும் கூடாது என்பது அதன் சாரம். ஏழைகளின் அடிப்படைத் தேவைக்குத்தான் முதலிடம் என்றும் அந்த அறிக்கை சொல்லியிருந்தது. 2015இல் ஐ.நா. 17 இலக்குகளை வகுத்து 2030 வரை கெடு வைத்தது. எல்லாம் சரி. ஆனா டில்லி தாண்டி, சென்னை தாண்டி, கலெக்டர் ஆபீஸ் தாண்டி நம்ம கிராமத்துக்கு வந்து சேரும்போது அந்த ‘ஏழைக்கு முதலிடம்’ வழியிலேயே விழுந்து போயிடுது. மரம் நடுவதும் குளம் தூர்வாருவதும் மட்டும் வந்து சேருது.

குளத்தைத் தூர்வாருறது நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான். ஆனா யார் தூர்வாருறாங்க? மண்வெட்டியும் பாண்டுச் சட்டியுமாய் இறங்குறது நம்ம ஆளுங்க. குளம் நிறைஞ்சா தண்ணி யாருக்குப் போகுது? ஆயக்கட்டில் நிலம் வைத்திருக்கிறவனுக்கு. நிலத்தடி நீர் ஏறினால் யாருக்கு லாபம்? கிணறும் மோட்டாரும் இருக்கிறவனுக்கு. நிலமே இல்லாதவனுக்கு அந்தக் குளம் நிறைந்தாலும் வறண்டாலும் கூலிதான். சாதியைத் தொடாமல் சுற்றுச்சூழலை மட்டும் சரிசெய்தால், இயற்கையோடு சேர்ந்து சாதியும் நீடிக்கும். தண்ணீர் நிறைந்த சாதிக் கிராமம் ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான்.

அம்பேத்கர் 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் பற்றிப் பேசியது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கிராமத்தை அடிப்படை அலகாக வைத்துத்தான் அரசியல் சட்டம் எழுதணும்னு சிலர் கேட்டபோது, அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவெறியும் குடியிருக்கிற இடம் அது என்று நேருக்கு நேராகச் சொன்னார். தனி மனிதனை அலகாக எடுத்ததற்காக மகிழ்ச்சி அடைவதாகவும் சொன்னார். அப்படியானால் நமக்கும் உள்ளூர் முயற்சிக்கும் சம்பந்தமே இல்லையா?

அதே அம்பேத்கர்தான் 1927இல் ஒரு சிறு நகரத்தின் ஒரு குளத்துக்குப் போனார். மகாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்று 1923இலேயே பம்பாய் சட்டசபையில் போலே தீர்மானம் நிறைவேறியிருந்தது. 1924இல் மகாத் நகராட்சியும் சவதார் குளம் எல்லோருக்கும் உண்டு என்று தீர்மானம் போட்டது. காகிதத்தில் உரிமை வந்துவிட்டது. ஆனா ஒருத்தரும் அதில் கை வைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கானோர் திரண்டு போய்க் குடித்த பிறகுதான் அந்தத் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. அன்றைக்கே அடி விழுந்தது. குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றம் வரைக்கும் போய் 1937 மார்ச்சில்தான் நமக்குச் சாதகமாக முடிந்தது.

இதில் சட்டம் மட்டும் இருந்து பயனில்லை, கால்கள் வேண்டியிருந்தன. கால்கள் மட்டும் இருந்தும் முடியவில்லை, கோர்ட்டில் பத்து வருஷம் நின்று பிடிக்க ஒரு அமைப்பு வேண்டியிருந்தது. இது இரண்டையும் மனசுல வச்சுக்குங்க. பின்னாடி வர்ற எல்லா உதாரணத்திலும் இது திரும்ப வரும்.

இப்ப, நீடித்த வளர்ச்சிக்கு முன்மாதிரி என்று சொல்லப்படுகிற இரண்டு கிராமங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டும் மகாராஷ்டிரம். இரண்டும் வறட்சிப் பகுதி.

ஒன்று, அகமதுநகர் மாவட்டத்து ராலேகான் சித்தி. அந்த மாவட்டத்துக்கு 2024இல் அகில்யாநகர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். 1975இல் ராணுவத்திலிருந்து திரும்பிய அண்ணா ஹசாரே, மழைநீரைத் தடுத்து நிறுத்தி, மரம் வைத்து, அந்தக் கிராமத்தைப் பசுமையாக்கினார். பாடப்புத்தகம் வரைக்கும் போன கதை. தண்ணி வந்தது உண்மை, விளைச்சல் கூடினது உண்மை. கூடவே வேறு சிலதும் வந்தது. குடிச்சவனைக் கம்பத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். அதை ஹசாரே மறைக்கவும் இல்லை, வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். அங்கிருந்த தலித்துகளின் சாப்பாட்டையும் மரக்கறிக்கு மாற்றியது, அவர்களைக் கிராமத்தின் ஒரே ‘நல்லொழுக்க’த்துக்குள் கொண்டுவந்தது பற்றியெல்லாம் ஆய்வாளர் முகுல் சர்மா விரிவாக எழுதியிருக்கிறார். அதாவது கிராமத்தை ஒரே குடும்பமாகப் பார்க்கணும், குடும்பத்துக்குப் பெரியவர் ஒருவர், அவர் சொல்படி மற்றவர்கள். தலித் அங்கே திருத்தப்பட வேண்டிய ஆள். முடிவெடுக்கிற ஆள் இல்லை.

இன்னொன்று, புனே மாவட்டம் புரந்தர் தாலுகாவில் நாய்காவ். 1972 பஞ்சத்துக்குப் பிறகு விலாஸ்ராவ் சாலுங்கே என்ற பொறியாளர் அங்கே ‘பாணி பஞ்சாயத்து’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். அதன் விதிகளைக் கவனிங்க. தண்ணீர், நிலத்தின் அளவுக்கு ஏற்ப இல்லை, தலைக்கணக்குப்படி. ஒரு ஆளுக்கு அரை ஏக்கருக்கான தண்ணீர், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஏக்கருக்கானது. நிலத்தை விற்றால் தண்ணீர் உரிமை கூடவே போகாது. நிலமில்லாதவருக்கும் தண்ணீரில் பங்கு உண்டு. தண்ணியைக் குடிக்கிற கரும்பு போடக்கூடாது. இந்த விதிகளை எழுதினதாலே அங்கே சாதி ஒழிஞ்சு போச்சுன்னு நான் சொல்ல வரல. ஆனா நிலத்திலிருந்து தண்ணீரைப் பிரித்த அந்த ஒரு விதி இருக்கே, அது ஆயிரம் மரம் நடுவதைவிட ஆழமான வேலை. கரும்பு கூடாது என்ற விதியையும் நிலமில்லாதவனுக்குப் பங்கு என்ற விதியையும் அவங்க தனித்தனியா வைக்கல. ஒருத்தன் கரும்பு போட்டா பத்துப் பேருக்குத் தண்ணி இல்ல. சூழலும் நீதியும் ஒரே கணக்குல வருது.

ஆகவே முதல் பாடம்: உள்ளூர் முயற்சி மாற்றமாக ஆவதற்கு நல்ல மனசும் பெரிய தலைவரும் போதாது. பங்கு யாருக்கு, எந்த அடிப்படையில் என்ற விதியை ஆரம்பத்திலேயே மாற்றி எழுத வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் பிறகு நடக்காது.

சரி, இந்த இரண்டிலும் முயற்சியைத் தொடங்கினவர்கள் நம்ம ஆட்கள் இல்லை. தலித்துகளே, அதுவும் தலித் பெண்களே நடத்துகிற ஒன்றைச் சொல்கிறேன். நான் இன்றைக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போவது இதற்குத்தான்.

ஜஹீராபாத் வட்டாரம். முன்பு ஆந்திரத்தில் மேடக் மாவட்டம், இப்போது தெலங்கானாவில் சங்காரெட்டி மாவட்டம். மழை குறைவு, சரளை கலந்த செம்மண். நிலச் சீர்திருத்தத்தில் தலித் குடும்பங்களுக்கு அங்கே நிலம் கொடுத்தார்கள். எந்த நிலம்? யாருக்கும் வேண்டாத நிலம். பட்டா கையில இருக்கு, ஏர் இல்லை, மாடு இல்லை, எரு வாங்கக் காசு இல்லை. அதனால் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுப் பண்ணையாரின் வயலுக்குக் கூலிக்குப் போனார்கள். 1983இல் என்.டி. ராமராவ் இரண்டு ரூபாய் அரிசித் திட்டத்தைக் கொண்டுவந்தார். பசித்த வயிற்றுக்கு வந்த அரிசியை நான் குறை சொல்ல மாட்டேன். அதைக் குறை சொல்கிறவன் பசித்திருக்க மாட்டான். ஆனா அந்த அரிசி பாசனப் பகுதியில் விளைந்து வந்தது. புன்செய்ச் சோளத்துக்கு ரேஷனில் இடம் கிடையாது. தலித்தின் தரிசு தரிசாகவே கிடந்தது.

அதே 1983இல் அங்கே டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் பி.வி. சதீஷ். தூர்தர்ஷனில் வேலை பார்த்தவர், 2023இல் காலமானார். கிராமத்துக்கு ஒரு சங்கம் என்று சுமார் 75 கிராமங்களில் ஏறக்குறைய 5,000 பெண்கள், பெரும்பாலும் தலித்துகள், திரண்டார்கள். ஊர்ப்பொதுச் சங்கம் என்று ஒன்றை அமைத்திருந்தால் யார் தலைமைக்கு வந்திருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அங்கே அமைந்தது சேரிப் பெண்களின் தனிச் சங்கம்.

1990களின் நடுப்பகுதியில் அந்தப் பெண்கள் செய்த வேலைதான் முக்கியம். 30க்கும் மேற்பட்ட கிராமங்களில் 2,500 ஏக்கருக்கும் அதிகமான தரிசைத் திருத்தினார்கள். உழவுக்கும் எருவுக்கும் விதைக்கும் முன்பணம் தேவைப்பட்டது. மத்திய அரசின் ஊரக வளர்ச்சித் துறையிடமிருந்து அது வந்தது. கடனை ரூபாயாகத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, விளைந்த சோளத்தில் ஒரு பங்கைச் சில வருடங்களுக்குத் தானிய நிதியில் அளந்தால் போதும். அந்தத் தானியம் எங்கே போகும்? தாலுகா கிடங்குக்குப் போகாது. அதே கிராமத்தில் சேமித்து வைத்து, வேலை இல்லாத மாதங்களில் மிக ஏழைகளுக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள்.

யார் மிக ஏழை? அதை வருவாய்த்துறை ஆள் வந்து தீர்மானிக்கவில்லை. சனங்கள் கூடி, தரையில் கிராமத்தை வரைந்து, வீடு வீடாக எடுத்துப் பேசி, எந்த வீட்டில் எத்தனை மாதம் அடுப்பு எரியாது என்று எல்லோர் முன்னாலும் முடிவு செய்தார்கள். நம்ம ஊரில் வறுமைக்கோட்டுப் பட்டியலில் யார் யார் பெயர் ஏறுது என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எல்லாருக்கும் தெரியும்படி போட்ட பட்டியலில் மாடி வீட்டுக்காரன் பேரைச் செருகுவது சுலபமில்லை.

விதைக்கும் இதே மாதிரி. வீட்டுக்குள் பானையிலும் கூடையிலும் வேப்பிலை, சாம்பல் போட்டு வைத்திருந்த விதைகளைச் சங்கத்தின் பொதுவுக்குக் கொண்டுவந்தார்கள். வாங்கினவர்கள் அறுவடைக்குப் பின் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்காகத் திருப்பித் தரவேண்டும். சோளம், கம்பு, தினை, துவரை, பயறு என்று ஒரே நிலத்தில் பத்துப் பதினைந்து வகையைக் கலந்து விதைப்பார்கள். மழை ஒன்றைக் கெடுத்தால் இன்னொன்று நிற்கும். கொஞ்ச காலத்தில் ஆதிக்க சாதி விவசாயிகளே விதை கேட்டு இந்தப் பெண்களின் வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். அந்தத் திண்ணையை நினைச்சுப் பாருங்க தோழர்களே. வருஷம் பூராவும் கூலி கேட்டு யார் வாசலில் நின்றாங்களோ, அந்த வாசலுக்காரன் இப்ப விதை கேட்டு வந்து நிற்கிறான்.

அதோடு நிற்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் காமிரா பிடித்துப் படம் எடுத்தார்கள். பி.டி. பருத்தியால் வாரங்கல் விவசாயிகள் பட்ட பாட்டைப் படமாக்கி வெளியே கொண்டுபோனார்கள். சொந்தமாக வானொலி வேண்டும் என்றார்கள். அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995இல் தீர்ப்புச் சொன்னது. யுனெஸ்கோ உதவியோடு மச்னூர் கிராமத்தில் 1998இல் நிலையம் தயாராகிவிட்டது. ஆனால் உரிமம் கிடைக்கவில்லை. பத்து வருடம். அதற்காக அவர்கள் சும்மா உட்காரவில்லை. நிகழ்ச்சிகளைக் கேசட்டில் பதிந்து சங்கங்களில் போட்டுக் கேட்டார்கள். 2006இல் கொள்கை மாறி, 2008 அக்டோபர் 15 அன்று சங்கம் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கியது. 1995 தீர்ப்பைச் சொன்ன நீதிபதி பி.பி. சாவந்தே வந்து தொடங்கிவைத்தார். தலித் பெண்கள் நடத்துகிற வானொலி. மகாத்திலும் பத்து வருஷம், இங்கேயும் பத்து வருஷம்.

சிறுதானியத்தை ரேஷனில் சேர்க்கணும் என்று இவர்கள் மற்ற மாநில அமைப்புகளோடு சேர்ந்து தொடர்ந்து கேட்டார்கள். 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரிசி, கோதுமையோடு கரடுமுரடுத் தானியங்களும் சேர்க்கப்பட்டன. 2017இல் ஒடிசா அரசு தனியாக ஒரு சிறுதானிய இயக்கமே தொடங்கியது. 2019இல் இந்தப் பெண்களின் அமைப்புக்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் பூமத்தியரேகைப் பரிசு கிடைத்தது. எல்லாம் இவர்களால் மட்டும் நடந்தது என்று சொன்னால் மிகை. ஆனா ஒரு சேரியின் தானியக் கூடையில் தொடங்கியது சட்டப்புத்தகம் வரை போகும் வழியில் இவர்கள் பங்கு இருக்கு.

இதன் மறுபக்கத்தையும் சொல்லணும். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடினார்கள். அந்த வருட பட்ஜெட்டில் சிறுதானியத்துக்கு ‘ஸ்ரீ அன்னா’ என்று சமஸ்கிருதப் பெயர் வைத்தார்கள். நம்ம வீட்டில் இருந்தபோது அது கூழ், ஏளனம். நகரத்துக் கடைக்குப் பளபளப்பான பாக்கெட்டில் போனதும் அது ஸ்ரீ. விதையைக் காப்பாற்றினவள் சேரியில், விலையை வாங்குறவன் வேற எங்கயோ. பறை நம்ம கையில் இருக்கும்போது தீட்டு, மேடைக்குப் போனால் கலை என்கிற கதைதான். ஆகவே ஒரு முயற்சி வெற்றி பெற்றால் மட்டும் போதாது, வெற்றி பெற்ற பிறகு அது யார் கையில் இருக்கிறது என்பதற்கும் ஏற்பாடு வேண்டும். விதையும் கிடங்கும் வானொலியும் சங்கத்தின் கையில் இருக்கிறவரைதான் அந்தப் பெண்களுக்குப் பிடி.

நேற்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது கல்லூரித் தம்பி ஒருத்தர் கேட்டாரு. “அண்ணே, வன்கொடுமை வழக்கே தலைக்கு மேல கிடக்கு. படிச்சு கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னார் அம்பேத்கர். நீங்க மறுபடியும் விதை, தானியம், கூழுன்னு எங்களைக் கிராமத்துக்கே இழுக்குறீங்களே. இதெல்லாம் தொண்டு நிறுவனத்துக்காரன் வேலை இல்லையா?” நியாயமான கேள்வி. இதை ஒதுக்கிவிட்டு நாம் மேலே பேச முடியாது.

வெளியேறுவதற்கு நான் எதிரி இல்லை. யாரையும் கலப்பைக்குத் திரும்பிப் போ என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. படித்த பெண்பிள்ளை களையெடுக்கப் போகமாட்டேன் என்றால் அவள் பக்கம்தான் நிற்பேன். ஆனா இன்றைக்கும் சேரியில் இருக்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். தம்பி சொன்ன வன்கொடுமை வழக்கையே எடுத்துக்குவோம். வழக்குகள் எங்கே தோற்கின்றன? சாட்சி பிறழ்வதில். சாட்சி ஏன் பிறழ்கிறான்? நாளைக்கு வேலை வேண்டும், அந்த வேலை யாருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறானோ அவன் வயலில் இருக்கிறது. கடையில் அரிசி தரமாட்டான், மாட்டை மேய்க்க விடமாட்டான். ஊர்க்கட்டுப்பாடு என்பது வயிற்றைக் கட்டுவதுதான்.

எங்கம்மா நடவுக்குப் போனவங்க. எங்க வீட்ல ஒரு வாரத்துக்கு மேல தானியம் இருந்து நான் பார்த்ததில்லை. கூலி உயர்வு கேட்டு எங்க தெருவே வேலைக்குப் போகாமல் நின்ற ஒரு வருஷம் ஞாபகம் இருக்கு. முதல் நாள் பாட்டு, கும்மாளம். இரண்டாம் நாள் அமைதி. நாலாம் நாள் விடியறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரா அதே வயலுக்குப் போனாங்க, பழைய கூலிக்கு. பயந்து போகல. புள்ளைங்க பசின்னு அழுதுச்சு, போனாங்க. அன்றைக்கு அந்தத் தெருவில் ஒரு மாசத்துக்கான பொதுத் தானியம் இருந்திருந்தால் கதை வேற. மேடக் பெண்களின் தானிய நிதியைப் பற்றி வாசித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: இதைச் சூழலியல் என்று மட்டும் ஏன் சொல்லணும்? இது வேலைநிறுத்த நிதி. இது சாட்சிப் பாதுகாப்பு. நீடிப்பு என்பதற்கு நம்ம அகராதியில் நான் எழுதுகிற பொருள், ஊர்க்கட்டுப்பாடு போட்டால் எத்தனை நாள் தாக்குப்பிடிப்போம் என்பது.

பஞ்சாபில் இதை நேரடியாகவே பார்க்கலாம். அங்கே மக்கள் தொகையில் மூன்றில் ஒருவர் தலித். 1961ஆம் வருடச் சட்டப்படி பஞ்சாயத்துப் பொது நிலத்தில், சாகுபடிக்கு ஏற்றதில் மூன்றில் ஒரு பங்கைத் தலித்துகளுக்குத்தான் ஏலத்தில் குத்தகைக்கு விடவேண்டும். பல காலம் நடந்தது என்ன? பண்ணையார் தன்னிடம் வேலை செய்கிற தலித் ஒருவரின் பெயரில் ஏலம் எடுத்துத் தானே உழுதுகொள்வார். நமக்கும் பழக்கமான பினாமி. 2014இல் சங்ரூர் மாவட்டத்தில் நிலம் பெறும் போராட்டக் குழு ஒன்று உருவாகி, ‘எங்க பங்கை நாங்களே கூட்டாக எடுப்போம்’ என்று நின்றது. தடியடி பட்டார்கள், சிறைக்குப் போனார்கள். 2016 அக்டோபரில் ஜலூர் கிராமத்தில் வீடு புகுந்து தாக்கினார்கள். அதில் காயமடைந்த முதிய தாய் ஒருவர் இறந்தே போனார். இருந்தும் பல கிராமங்களில் நிலத்தை எடுத்துக் கூட்டாகப் பயிர் செய்தார்கள்.

அங்கே பெண்கள் முன்வரிசையில் நின்றதற்குக் காரணம் புல். மாட்டுக்குப் புல் அறுக்க ஜாட் பண்ணையாரின் வயல் வரப்புக்குப் போகவேண்டும். அங்கே கேட்கவேண்டிய பேச்சு, படவேண்டிய அவமானம், அதற்கு மேலேயும். கூட்டு நிலத்தில் தீவனப்புல் விளைந்ததும் அந்த வரப்பில் போய் நிற்கவேண்டிய தேவை போய்விட்டது. ஒரு கட்டுப் புல்லில் மானம் இருந்தது. இதைப் புரிந்துகொள்ளாத எந்தச் சுற்றுச்சூழல்வாதியும் நமக்குத் தோழனாக முடியாது.

இப்ப தம்பியின் கேள்வியில் கடைசிப் பகுதி, தொண்டு நிறுவனம். வெளியிலிருந்து வருகிற பணமும் ஆளும் தேவையே இல்லை என்று வீறாப்பாகப் பேசலாம். மேடக்கில் மத்திய அரசின் பணம் இருந்தது, யுனெஸ்கோ இருந்தது, படித்த வெளியாட்கள் இருந்தார்கள். நாய்காவில் ஒரு பொறியாளர் இருந்தார். வெளியுதவி தப்பில்லை. சோதித்துப் பார்க்க ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள்: திட்டம் முடிந்து ஜீப் போன பிறகு கையில் என்ன மிஞ்சும்? போர்டும் போட்டோவும் மிஞ்சினால் அது அவனுடைய முயற்சி. நிலம், விதை, தானியம், கணக்குப் புத்தகம், முடிவெடுத்துப் பழகிய பத்துப் பெண்கள் மிஞ்சினால் அது நம்முடையது.

நம்ம மாநிலத்துக்கு வருவோம். இங்கே நிலம் கேட்க நமக்குச் சட்டம் இருக்கு. செங்கல்பட்டில் கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் அரசு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. முதல் பத்து வருஷம் யாருக்கும் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் தலித் அல்லாதவருக்கு விற்கக்கூடாது என்பது நிபந்தனை. அதுதான் பஞ்சமி நிலம். அது எப்படிக் கைமாறிப் போனது என்று உங்களுக்குத் தெரியும். காரணையில் அதை மீட்கப் போய் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமசையும் ஏழுமலையையும் இழந்தோம். பஞ்சாயத்து அதிகாரம் கேட்டதற்காக 1997 ஜூன் 30 அன்று மேலவளவு முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலி என்றால் குளம், மீன் ஏலம், புறம்போக்கு, பொதுப்பணம் எல்லாம். அந்த நாற்காலியில் தலித் உட்கார்ந்தால் வெட்டுகிற ஊரில், ‘எல்லோரும் சேர்ந்து ஏரியைக் காப்போம்’ என்று அறிவுரை சொல்ல வருகிறவர்கள் முதலில் மேலவளவுக்குப் பதில் சொல்லட்டும்.

ஆகவே வேலைத்திட்டமாகச் சில சொல்கிறேன். ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு கிராமத்தை எடுங்கள். பத்து கிராமம் வேண்டாம்.

ஒண்ணு, அந்தக் கிராமத்தின் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் பின்னாடி வந்த யு.டி.ஆர். பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த சர்வே எண்ணில் நிபந்தனைக் குறிப்பு காணாமல் போயிருக்கு என்று எழுதுங்கள். மாணவர்கள் செய்யக்கூடிய வேலை இது.

ரெண்டு, மீட்கிற நிலம் எதுவானாலும் பெண்கள் பெயரிலும் கூட்டாகவும் இருக்கட்டும். தனித்தனியாக இருந்தால் ஒவ்வொருத்தராக விலைபேசி வாங்கிடுவான். கடனில் ஒருத்தர் விழுந்தால் போதும்.

மூணு, நிலம் வருகிறவரை காத்திருக்க வேண்டாம். சேரியில் ஒரு தானியக் கூடை தொடங்கலாம். அறுவடை மாதத்தில் வீட்டுக்கு ஒரு மரக்கால், கூலியாக வருகிற நெல்லில் கொஞ்சம். யாருக்கு முதலில் கொடுப்பது என்பதைத் தெருவே கூடி முடிவு செய்யட்டும். கணக்கைப் பெண்கள் வைத்துக்கொள்ளட்டும். தெருவில் எல்லோர் காதிலும் விழும்படி மாதம் ஒருமுறை அதை வாசியுங்கள்.

நாலு, தனியாக நிற்காதீர்கள். ஒரு சேரி தனியாக நின்றால் ஊர் நசுக்கிவிடும். பக்கத்துப் பத்துச் சேரிகளும் ஒரு வக்கீலும் ஒரு பத்திரிகையும் பின்னால் இருந்தால் யோசிப்பான். ஜஹீராபாத்தில் ஒரு கிராமம் மட்டும் இருந்திருந்தால் அது நின்றிருக்காது. சுமார் 75 இருந்ததால்தான் நின்றது.

இது எதுவும் ஆறு மாதத்தில் முடிகிற வேலை இல்லை. வழக்கு வேலையை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை. வழக்கில் நிற்கிற ஆளுக்குப் பின்னால் ஒரு மூட்டை சோளம் இருக்கட்டும் என்கிறேன். இது நடக்காது என்று நினைக்கிறவர்கள் இப்ப எழுந்து கேளுங்கள். அந்தக் கேள்விகளைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

ஜெய் பீம்.